ஒரே அடைப்புக்குறி, இரண்டு வேலை: டைப் காஸ்டிங்கும் கன்வெர்ஷனும்

ஜாவா என்ற நிரல் மொழியைப் படிக்கத் தொடங்கிய சில நாட்களிலேயே இந்த இரண்டு வரிகளைப் போன்றவை கண்ணில் பட்டுவிடும்.

இன்ட் கிலோ = (இன்ட்) 38.7;

பல்எஞ்சின் ப = (பல்எஞ்சின்) எ;

(இன்ட் என்றால் முழு எண், டபுள் என்றால் புள்ளி வைத்த எண். இன்ட், டபுள், நியூ போன்ற சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். கணினியில் அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடியுங்கள். கிலோ, எஞ்சின் போன்று நாம் வைக்கும் பெயர்களைத் தமிழிலேயே விட்டுவிடலாம். நாம் எழுதியதைக் கணினிக்கு ஏற்றபடி மொழிபெயர்க்கும் ஜாவா கம்பைலர் மறுப்பு சொல்லாது.)

பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். சமக்குறிக்கு அடுத்து ஓர் அடைப்புக்குறி, அதற்குள் ஒரு டைப்பின், அதாவது தரவு வகையின், பெயர், அப்புறம் மாற்ற வேண்டிய சமாச்சாரம். பல பாடப்புத்தகங்கள் இரண்டையும் ‘டைப் காஸ்டிங்’ என்ற ஒரே தலைப்பில் போட்டு நாலு வரியில் முடித்துவிடுகின்றன. தேர்வுக்கு அது போதும், நிரல் எழுதப் போதாது. முதல் வரி ஓடி முடிந்ததும் 38 என்று புதிதாக ஓர் எண் பிறந்திருக்கும். பழைய 38.7-க்கும் அதற்கும் இனி எந்த ஒட்டும் உறவும் கிடையாது. இரண்டாவது வரி ஓடி முடிந்ததும் புதிதாக எதுவுமே பிறந்திருக்காது. ஏற்கெனவே நினைவகத்தில் இருந்த அதே ஆப்ஜெக்ட்டைப் பிடித்துக்கொள்ள இன்னொரு வேரியபிள், அதாவது நாம் பெயர் வைத்த இன்னொரு இடம், கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

முதலாவது நடப்பது கன்வெர்ஷன். இரண்டாவது காஸ்டிங். அடைப்புக்குறியைப் பார்த்து எது எதென்று சொல்ல முடியாது. புதிதாக ஒரு மதிப்பு உருவாகிறதா, இல்லை இருப்பதையே வேறு டைப்பாகப் பார்க்கிறோமா என்று கேட்டுப் பார்த்தால் சொல்லிவிடலாம்.

கன்வெர்ஷன்: இலைச் சீட்டில் நடப்பது

கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலை விவசாயிகளின் இலைக் கணக்குக்கு ஒரு நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பறித்த பச்சை இலை மூட்டை மூட்டையாக எடை போடும் இடத்துக்கு வருகிறது. தராசு காட்டும் எடையை ஒருவர் கணினியில் அடிக்கிறார். மாதக் கடைசியில் மொத்தக் கிலோவை அந்த மாத இலை விலையால் பெருக்கினால் விவசாயிக்குச் சேர வேண்டிய பணம். கணக்கு என்னவோ சாதாரணம்தான். ஆனால் அதற்குள் கன்வெர்ஷன் திரும்பத் திரும்ப வருகிறது.

திரையில் உள்ள கட்டத்தில் அவர் 38.7 என்று அடித்ததும் நிரலுக்குக் கிடைப்பது எண் அல்ல, ஒரு ஸ்ட்ரிங். அதாவது 3, 8, ஒரு புள்ளி, 7 என்ற நான்கு எழுத்துகள். கணினிக்குள் அவை 51, 56, 46, 55 என்ற குறியீட்டு எண்களாக இருக்கும். இதை விலையால் பெருக்க முடியாது. சரி, அடைப்புக்குறி போட்டு மாற்றலாமா?

டபுள் எடை = (டபுள்) "38.7";

கம்பைலர் இதை ஏற்காது. ஸ்ட்ரிங் ஒரு நாளும் டபுள் ஆகாது என்பது அதற்குத் தெரியும். நமக்கு வேண்டியது அந்த நான்கு எழுத்துகளையும் படித்து, அவை குறிக்கும் எண்ணைப் புதிதாக உண்டாக்கித் தரும் ஒரு வேலையாள். ஜாவாவில் அது டபுள்.பார்ஸ்டபுள், முழு எண்ணுக்கு இன்டீஜர்.பார்ஸ்இன்ட். சி ஷார்ப்பில் டபுள்.பார்ஸ், இன்ட்.பார்ஸ். பைத்தானில் ஃப்ளோட், இன்ட் என்ற பெயர்களையே ஃபங்ஷன் மாதிரி அழைத்துவிடலாம். பெயர் எதுவானாலும் உள்ளே ஒன்று போய் வேறொன்று வெளியே வருகிறது. ஒரு எழுத்துகூட மாறாமல் பழைய ஸ்ட்ரிங் அப்படியே இருக்கும்.

ஒற்றை எழுத்தில் நிறையப் பேர் வழுக்குவார்கள். ஜாவாவில் ‘5’ என்ற கேர் மதிப்பை (இன்ட்) போட்டு மாற்றினால் 5 வராது, 53 வரும். அந்த எழுத்தின் குறியீட்டு எண் அது. நம் தமிழ் எண்ணுருவான ‘௫’ என்ற எழுத்தை அதே மாதிரி மாற்றிப் பாருங்கள், 3051 வரும். ஆனால் அதே ‘௫’ எழுத்தை ஸ்ட்ரிங்காக இன்டீஜர்.பார்ஸ்இன்ட்டிடம் கொடுத்தால் அழகாக 5 என்று திருப்பித் தரும். யூனிகோடில் தமிழ் எண்ணுருக்களும் இலக்கங்கள்தான் என்பது ஜாவாவுக்குத் தெரியும், பைத்தானுக்கும் தெரியும். சி ஷார்ப்பின் இன்ட்.பார்ஸ் மட்டும் 0 முதல் 9 வரையான வழக்கமான இலக்கங்களைத்தான் ஏற்கும். ஆக, கன்வெர்ஷன் என்றால் ‘எந்த விதிப்படி?’ என்ற கேள்வி கூடவே வந்துவிடுகிறது. ஒரே எழுத்திலிருந்து 3051-உம் எடுக்கலாம், 5-உம் எடுக்கலாம். கேட்கும் முறையைப் பொறுத்தது.

இப்போது எடை, டபுள் ஆகிவிட்டது. நிரல் எழுதியவர் ‘முழுக் கிலோ போதும்’ என்று நினைத்து ஒவ்வொரு மூட்டைக்கும் (இன்ட்) போட்டுவிட்டார் என்று வையுங்கள். ஒரு விவசாயியின் மூன்று மூட்டைகள் 38.7, 41.6, 29.9 கிலோ. உண்மையான மொத்தம் 110.2. நிரல் போடும் கணக்கோ 38, 41, 29. கூட்டினால் 108. இரண்டு கிலோவுக்கு மேல் காணாமல் போய்விட்டது. ஜாவாவில் (இன்ட்) போட்டால் புள்ளிக்குப் பிறகுள்ளதை வெட்டி எறிந்துவிடும், பக்கத்து முழு எண்ணுக்குக் கொண்டுபோகாது. 29.9-ஐக் கூட 29 ஆக்கிவிடும். எரர் எதுவும் வராது, எச்சரிக்கையும் வராது. சீட்டு அச்சாகி வெளியே வரும். கையில் சீட்டோடு நிற்பவருக்குச் சந்தேகம் வந்தால்தான் உண்டு.

சி ஷார்ப் எழுதுகிறவர்களுக்கு இங்கே இன்னொரு சங்கதி. (இன்ட்) 29.9 என்றால் அங்கேயும் 29தான். ஆனால் கன்வெர்ட்.டூஇன்ட்32 என்ற மெத்தடிடம் 29.9-ஐக் கொடுத்தால் 30 தரும். அது ரவுண்ட் செய்யும். சரியாகப் பாதியில் நிற்கும் எண்ணை இரட்டைப்படைப் பக்கம் தள்ளும். 40.5 கொடுத்தால் 40, 41.5 கொடுத்தால் 42. முதலில் பார்க்கும்போது ஏதோ பிழை என்றுதான் தோன்றும். எப்போதும் மேல்பக்கமே தள்ளினால் நீண்ட கணக்கில் மொத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிவிடும், அதைத் தவிர்க்கத்தான் இந்த ஏற்பாடு. சி ஷார்ப்பில் ஒரே காரியத்துக்கு எதற்கு இரண்டு வழி என்று சலித்துக்கொள்கிறவர்கள், இவை ஒரே காரியம் இல்லை என்பதை இந்த இடத்தில் கவனிக்கலாம்.

பணத்திலும் இதே தொல்லைதான். 4.35 ரூபாயைப் பைசாவாக்க (இன்ட்) (4.35 * 100) என்று எழுதினால் 435 வராது, 434 வரும். டபுளுக்குள் 4.35 என்ற எண்ணை அச்சுப் பிசகாமல் வைக்க முடியாது. நூறால் பெருக்கியதும் 434.99999999999994 என்று நிற்கும். (இன்ட்) வந்து அந்த வாலை வெட்டிவிடும். என்னைக் கேட்டால், எடையைக் கிராமிலும் பணத்தைப் பைசாவிலும் தொடக்கத்திலிருந்தே முழு எண்ணாக வைத்துவிடுவது நல்லது. பாதித் தலைவலி அங்கேயே தீர்ந்துவிடும்.

நாம் கேட்காமலேயே நடக்கும் கன்வெர்ஷனும் உண்டு. டபுள் தொகை = 5; என்று எழுதினால் கம்பைலர் தானாகவே 5-ஐ 5.0 ஆக்கிக்கொள்ளும். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். நினைவகத்தில் பார்த்தால் ஒன்றல்ல. முழு எண் 5 என்பது 32 பிட்டில் கடைசி மூன்று மட்டும் 101 என்று நிற்கும், மற்றதெல்லாம் பூஜ்யம். டபுளில் இருக்கும் 5.0, 64 பிட்டில் 0100000000010100 என்று தொடங்கும், மீதி 48 பிட்டும் பூஜ்யம். பிட் அமைப்பே முழுக்க வேறு. ஆகவே இதுவும் புதிதாகப் பிறந்த மதிப்புதான். சின்ன டைப்பிலிருந்து பெரிய டைப்புக்குப் போனால் எதுவும் இழப்பில்லை என்று புத்தகங்கள் சொல்லும். அதையும் முழுசாக நம்ப வேண்டாம். 16777217 என்ற இன்ட்டை ஜாவாவின் 32 பிட் புள்ளி எண்ணான ஃப்ளோட்டில் போட்டால் 16777216 ஆகிவிடும். ஃப்ளோட்டில் எண்ணின் இலக்கங்களுக்கு 24 பிட்டுக்கு மேல் இடமில்லை.

சராசரி எடுக்கும்போது வரும் தவறு ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மொத்தம் 110, மூட்டை 3, இரண்டும் இன்ட். (டபுள்) (110 / 3) என்று எழுதினால் 36.0 வரும். வகுத்தல் முழு எண்ணிலேயே நடந்து 36 ஆகிவிட்ட பிறகு அதை டபுளாக்கி என்ன பயன்? (டபுள்) 110 / 3 என்று எழுதினால் 36.67-ஐ ஒட்டி வரும். எந்த நேரத்தில் மாற்றுகிறோம் என்பதும் கன்வெர்ஷனில் கணக்கு.

இவையெல்லாம் சில்லறைத் தவறுகள் என்று நினைக்க வேண்டாம். 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் முதல்முறையாகக் கிளம்பி நாற்பது நொடிகூட ஆகாத நிலையில் திசை மாறி வெடித்துச் சிதறியது. கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய 64 பிட் புள்ளி எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் வரியில்தான் கோளாறு. 16 பிட்டில் 32767-க்கு மேல் இடமில்லை. முந்தைய ஏரியன் 4-க்கு எழுதிய நிரலை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். புது ராக்கெட் அதைவிட வேகம், எண் கொள்ளவில்லை. அந்த நிரல் எழுதப்பட்ட அடா மொழி இப்படி வழிந்தால் உடனே சத்தம் போடும். போட்டது. அந்தச் சத்தத்தைப் பிடித்துச் சமாளிக்க அந்த வரியில் ஏற்பாடு இல்லை. மாற்றாக வைத்திருந்த இரண்டாவது கருவியிலும் அதே நிரல், அதே கதி. ஜாவா சத்தமே போட்டிருக்காது. 40000-ஐ (ஷார்ட்) என்று மாற்றினால் பேசாமல் -25536 என்று கையில் கொடுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும்.

காஸ்டிங்: மலை ரயில் எஞ்சின்

காஸ்டிங்கைப் புரிந்துகொள்ள எண்களை விட்டு ஆப்ஜெக்ட்டுகளுக்கு வர வேண்டும். நீலகிரி மலை ரயிலையே எடுத்துக்கொள்ளலாம், அதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை சுமார் 46 கிலோமீட்டர் மீட்டர் கேஜ் பாதை. கல்லார் வரை சமதளம், சாதாரணத் தண்டவாளம். கல்லாரிலிருந்து குன்னூர் வரை செங்குத்தான ஏற்றம், சில இடங்களில் 12 அடிக்கு 1 அடி உயரும். அந்தப் பகுதியில் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டை ஓடும். எஞ்சினுக்கு அடியில் உள்ள பல்சக்கரம் அதில் மாட்டிக்கொண்டு, பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளியபடி ஏறும். குன்னூர் வந்ததும் அந்த எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை மாட்டுவார்கள். டீசலுக்குப் பல்சக்கரம் கிடையாது, அதற்கு மேல் தேவையும் இல்லை.

இதை நிரலாக்கினால் எஞ்சின் என்று ஒரு கிளாஸ், அதாவது ஆப்ஜெக்ட்டுகளை உண்டாக்கும் அச்சு. அதில் ஓடு என்ற மெத்தட். அதிலிருந்து பிறக்கும் இரண்டு கிளாஸ்கள்: பல்எஞ்சின், டீசல்எஞ்சின். பல்எஞ்சினில் மட்டும் பல்மாட்டு என்று கூடுதலாக ஒரு மெத்தட்.

எஞ்சின் எ = நியூ பல்எஞ்சின்();

எ.ஓடு();

எ.பல்மாட்டு();

முதல் வரியில் ஒரு காஸ்ட் ஏற்கெனவே நடந்துவிட்டது. வலப்பக்கம் பிறந்தது பல்எஞ்சின். இடப்பக்கம் இருப்பது எஞ்சின் டைப் வேரியபிள். குழந்தை கிளாஸிலிருந்து தாய் கிளாஸுக்குப் போவதால் இது அப்காஸ்ட். எந்தப் பல்எஞ்சினும் ஓர் எஞ்சின்தான், அதில் தகராறுக்கு இடமில்லை. அதனால் அடைப்புக்குறி கேட்காமலேயே கம்பைலர் விட்டுவிடும். இரண்டாவது வரியும் சரி. மூன்றாவது வரியில் கம்பைலர் நிறுத்திவிடும்: எஞ்சின் கிளாஸில் பல்மாட்டு என்று ஒன்று இல்லையே!

உள்ளே இருப்பது பல்எஞ்சின்தானே, அதில் அந்த மெத்தட் இருக்கிறதே என்று நாம் வாதாடலாம். கம்பைலர் ஆப்ஜெக்ட்டைப் பார்ப்பதில்லை, வேரியபிளின் டைப்பை மட்டுமே பார்க்கிறது. எஞ்சின் என்று அறிவித்த வேரியபிள் வழியாக எஞ்சினுக்கு உரியதைத்தான் கேட்கலாம். அதற்காக ஆப்ஜெக்ட்டிலிருந்து எதுவும் கழன்று விழுந்துவிடவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லார் வரை சமதளத்தில் ஓடும்போது பல்சக்கரத்துக்கு வேலை கிடையாது. ஆனாலும் அது எஞ்சினோடு கூடவேதானே வருகிறது? அப்படித்தான்.

இப்போது கல்லார் வந்துவிட்டது, பல் மாட்ட வேண்டும்.

பல்எஞ்சின் ப = (பல்எஞ்சின்) எ;

ப.பல்மாட்டு();

இது டவுன்காஸ்ட். இங்கே நாம் கம்பைலரிடம் ஒரு வாக்குக் கொடுக்கிறோம்: ‘இந்த எ என்பதற்குள் இருப்பது பல்எஞ்சின்தான், எனக்குத் தெரியும், விடு.’ கம்பைலர் விட்டுவிடும். நிரல் ஓடும்போது ஜாவா அந்த வாக்கைச் சரிபார்க்கும். உண்மையென்றால் மேலே போகலாம். எ == ப என்று கேட்டுப் பாருங்கள், ட்ரூ என்றே வரும். இரண்டு வேரியபிள்களும் சுட்டுவது அதே ஒரு ஆப்ஜெக்ட்டைத்தான். புதிய எஞ்சின் வரவில்லை, பழைய எஞ்சினில் ஒரு திருகாணிகூட நகரவில்லை.

எ என்பதற்குள் டீசல்எஞ்சின் இருந்திருந்தால்? அப்போதும் கம்பைலர் பேசாமல் விட்டிருக்கும். ஓடும்போது அந்த வரியில் கிளாஸ்காஸ்ட்எக்ஸப்ஷன் என்ற பிழையை எறிந்து நிரல் நின்றுவிடும். சி ஷார்ப்பில் அதன் பெயர் இன்வாலிட்காஸ்ட்எக்ஸப்ஷன். அடைப்புக்குறிக்குள் பல்எஞ்சின் என்று எழுதிவிட்டால் டீசலுக்குப் பல் முளைத்துவிடாது. கன்வெர்ஷனோடு ஒப்பிடும்போது எனக்கு இதில் பிடித்ததே இதுதான்: தப்பான காஸ்ட் அந்த வரியிலேயே ஊரைக் கூட்டிவிடும். தப்பான கன்வெர்ஷன் மாதக் கணக்கில் சத்தமில்லாமல் இலை எடையைத் தின்றுகொண்டிருக்கும்.

ஒன்றிலிருந்து ஒன்று பிறக்காத இரண்டு கிளாஸ்களுக்கு நடுவே காஸ்ட் போட்டால் ஓடும் வரை போகவே வேண்டாம். டீசல்எஞ்சின் டைப்பில் அறிவித்த வேரியபிளை (பல்எஞ்சின்) என்று காஸ்ட் செய்தால் கம்பைலரே திருப்பி அனுப்பிவிடும். இரண்டும் உடன்பிறப்புகள், ஒன்று இன்னொன்றாக இருக்க வழியே இல்லை என்பது அதற்குத் தெரியும்.

வாக்குக் கொடுக்கும் முன் சோதித்துக்கொள்ள இன்ஸ்டன்ஸ்ஆஃப் இருக்கிறது. முன்பெல்லாம் சோதனைக்கு ஒரு வரி, காஸ்டுக்கு ஒரு வரி என்று எழுத வேண்டும். 2021-இல் வந்த ஜாவா 16 முதல் இரண்டையும் சேர்த்தே எழுதிவிடலாம்:

இஃப் (எ இன்ஸ்டன்ஸ்ஆஃப் பல்எஞ்சின் ப) ப.பல்மாட்டு();

சி ஷார்ப்பில் இதற்கு இஸ் என்ற சொல். அதோடு ஆஸ் என்று இன்னொன்றும் உண்டு. காஸ்ட் பொருந்தாவிட்டால் அது எக்ஸப்ஷன் எறியாது, நல், அதாவது ‘எதுவும் இல்லை’ என்ற மதிப்பைத் தந்துவிட்டுப் போய்விடும். பார்க்க நாகரிகமாக இருக்கும். ஆனால் அந்த நல்லைச் சோதிக்காமல் விட்டால் பத்து வரி தள்ளி வேறு எங்கேயோ நிரல் விழும். விழுந்த இடம் ஒன்று, தப்பு நடந்த இடம் இன்னொன்று. உள்ளே இருப்பது இன்னதுதான் என்று உறுதியாகத் தெரிந்தால் சாதாரண அடைப்புக்குறிக் காஸ்டையே போடுங்கள். தப்பானால் அங்கேயே விழட்டும்.

கோத்தகிரியிலிருந்து என்னிடம் ஜாவா கற்க வரும் ஒரு மாணவி இந்த இடத்தில் கேட்டது, பலருக்கும் இருக்கும் சந்தேகம்.

“அப்போ அப்காஸ்ட் பண்ணிட்டா எஞ்சின் கிளாஸ்ல இருக்கிற ஓடு மெத்தட்தானே ஓடும், அண்ணா?”

“இல்லம்மா. பல்எஞ்சின்ல ஓடு மெத்தட்ட திருப்பி எழுதியிருந்தா அதுதான் ஓடும்.”

“ஆனா வேரியபிள் டைப் எஞ்சின்தானே?”

“என்ன கேக்கலாம்னு முடிவு பண்றது வேரியபிள். கேட்டதுக்கு எப்படிப் பதில் சொல்றதுன்னு முடிவு பண்றது ஆப்ஜெக்ட். ஆப்ஜெக்ட் மாறவே இல்லையே?”

அவள் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு ((எஞ்சின்) ப).ஓடு() என்று எழுதி ஓட்டிப் பார்த்தாள். பல்எஞ்சினின் ஓடு மெத்தட்தான் ஓடியது. இப்படித் திருப்பி எழுதிய, அதாவது ஓவர்ரைடு செய்த, மெத்தடைக் காஸ்ட் போட்டுத் தாண்ட முடியாது. தாய் கிளாஸின் மெத்தட் வேண்டுமென்றால் அந்தக் கிளாஸுக்குள்ளிருந்து சூப்பர் என்று கேட்க வேண்டும், வெளியிலிருந்து வழியில்லை.

கம்பைலரே தரும் சாட்சி

இவ்வளவும் சொல்லியும் இரண்டும் ஒன்றுதான் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால், கம்பைல் ஆன ஃபைலைத் திறந்து காட்டிவிடலாம். ஜாவாவோடு வரும் ஜாவாபி என்ற கருவியை -சி என்ற தேர்வோடு ஓட்டினால், நம் நிரல் எந்தெந்த பைட்கோடு கட்டளைகளாக மாறியிருக்கிறது என்று காட்டும். ஒரு டபுள் வேரியபிளுக்கு முன்னால் (இன்ட்) போட்ட வரி டி2ஐ என்ற கட்டளையாகியிருக்கும். டபுளை எடு, இன்ட்டாக்கு, புதிய மதிப்பை வை என்று அர்த்தம். (பல்எஞ்சின்) எ என்ற வரியில் செக்காஸ்ட் என்ற கட்டளை இருக்கும். சரிபார், பொருந்தாவிட்டால் எறி, பொருந்தினால் அப்படியே விடு. மாற்று என்ற பேச்சே அதில் இல்லை. அப்காஸ்ட் செய்த வரியில் அதற்கென்று ஒரு கட்டளைகூட இருக்காது. (சோதிக்கும்போது 38.7 என்று நேரடியாக எழுதாமல் வேரியபிளில் வைத்து எழுதுங்கள். நேரடியாக எழுதினால் கம்பைலரே கணக்குப் போட்டு 38 என்று எழுதிவிடும், டி2ஐ கண்ணில் படாது.)

ஒரே அடைப்புக்குறி இரண்டு வேலைக்கும் எப்படி வந்தது? சி மொழியிலிருந்து வந்த வழக்கம். சி++ அதே வழக்கத்தோடு தொடங்கி, பிறகு ஸ்டாட்டிக்_காஸ்ட், டைனமிக்_காஸ்ட், கான்ஸ்ட்_காஸ்ட், ரீஇன்டர்ப்ரெட்_காஸ்ட் என்று நான்காகப் பிரித்தது. ஓடும்போது சரிபார்ப்பது டைனமிக்_காஸ்ட் மட்டும்தான். பொருந்தாவிட்டால் பாயின்டருக்கு நல் தரும், ரெஃபரன்ஸுக்கு எக்ஸப்ஷன் எறியும் (இரண்டும் ஆப்ஜெக்ட்டைச் சுட்டும் வழிகள்). பெயர்கள் அடிக்கவே கை வலிக்கும்படி நீளம். அது வேண்டுமென்றே செய்ததுதான் என்பது அந்த மொழியை வடிவமைத்த ஸ்ட்ரவுஸ்ட்ரப்பின் நிலை, கை தயங்கினால் மனம் யோசிக்கும் என்ற கணக்கு. ஜாவாவும் சி ஷார்ப்பும் குட்டி அடைப்புக்குறியையே வைத்துக்கொண்டன.

கோடு மங்கும் இடங்கள்

முதலில், பெயர். ஜாவா மொழியின் அதிகாரப்பூர்வ விதிநூலைத் திறந்தால் ஐந்தாம் அத்தியாயத்தில் எல்லாவற்றையுமே கன்வெர்ஷன் என்றுதான் எழுதியிருப்பார்கள், ரெஃபரன்ஸ் காஸ்ட் உட்பட. ஆகவே யாராவது ‘காஸ்டும் ஒரு கன்வெர்ஷன்தானே’ என்று சொன்னால் சண்டைக்குப் போக வேண்டாம், விதிநூல் அவர் பக்கம். நான் மேலே போட்ட பிரிவு நிரல் எழுதுகிறவர்கள் பேச்சு வழக்கில் வைத்திருப்பது. என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ள அதுதான் உதவும்.

சி ஷார்ப்பிலும் சி++-இலும் நம் சொந்தக் கிளாஸுக்கு கன்வெர்ஷன் ஆபரேட்டர் எழுதலாம். ‘கிலோ’ என்று ஒரு கிளாஸ், ‘கிராம்’ என்று ஒரு கிளாஸ், (கிராம்) எடை என்று எழுதினால் ஆயிரத்தால் பெருக்கிய புதிய கிராம் ஆப்ஜெக்ட் வரும்படி செய்துவிடலாம். பார்க்கக் காஸ்ட், நடப்பது கன்வெர்ஷன், அதுவும் ஆப்ஜெக்ட்டிலிருந்து ஆப்ஜெக்ட்டுக்கு. இருக்கிற குழப்பம் போதாதென்று இதை அளவில்லாமல் எழுதுகிறவர்களும் உண்டு. டூகிராம் என்று ஒரு மெத்தட் எழுதினால் படிப்பவருக்குப் புண்ணியம்.

சி++-இல் இன்னொரு பள்ளம். பாயின்டரோ ரெஃபரன்ஸோ இல்லாமல் எஞ்சின் எ = பல்எஞ்சினின் ஆப்ஜெக்ட் என்று நேரடியாகப் போட்டால் அது காஸ்ட் ஆகாது. எஞ்சின் பகுதி மட்டும் நகலாகி, பல்சக்கரப் பகுதி வெட்டுப்பட்டுப் போகும். இதற்கு ஸ்லைசிங் என்று பெயர். வேரியபிளுக்குள் இருப்பது வெறும் எஞ்சின்தான், பல் கிடையாது, எந்தக் காஸ்ட் போட்டாலும் திரும்பி வராது. ஜாவாவில் கிளாஸ் டைப் வேரியபிள் எப்போதும் ரெஃபரன்ஸைத்தான் வைத்திருக்கும் என்பதால் இந்தப் பிரச்சினை அங்கே எழுவதில்லை.

பைத்தானில் காஸ்டுக்கு வேலையே இல்லை என்று சொல்லலாம். வேரியபிளுக்கென்று டைப் கிடையாது, ஆப்ஜெக்ட்டுக்குத்தான் உண்டு. எந்த மெத்தடையும் கேட்கலாம், இருந்தால் ஓடும், இல்லாவிட்டால் எரர். இன்ட், ஃப்ளோட், எஸ்டிஆர் எல்லாமே அங்கே கன்வெர்ஷன். டைப்பிங் மாட்யூலில் காஸ்ட் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறதே என்றால், அது கொடுத்ததை அப்படியே திருப்பித் தருமே தவிர ஓடும்போது எதையும் சோதிக்காது.

டவுன்காஸ்ட் ஒரு நிரலில் அடிக்கடி தலைகாட்டினால் வடிவமைப்பை ஒருமுறை பார்ப்பது நல்லது. பல்மாட்டு தேவைப்படும் இடத்துக்குத் தொடக்கத்திலேயே பல்எஞ்சின் டைப்பில் கொடுத்திருந்தால் காஸ்டே வேண்டியிருந்திருக்காது. பழைய ஜாவா நிரல்களில் காஸ்ட் கொட்டிக் கிடப்பதற்கு வேறு காரணம். லிஸ்டில் இருப்பது இன்ன டைப் என்று அறிவிக்க உதவும் ஜெனரிக்ஸ் 2004-இல் ஜாவா 5-இல் வரும் வரை, லிஸ்டில் எதைப் போட்டாலும் வெளியே எடுக்கும்போது ஆப்ஜெக்ட் என்ற பொதுவான டைப்பில்தான் வரும், ஒவ்வொரு முறையும் காஸ்ட் போட்டாக வேண்டும். இன்றும் அந்த செக்காஸ்ட் போகவில்லை. நமக்குப் பதில் கம்பைலர் எழுதிக்கொள்கிறது.

கடைசியாக, இன்டர்வியூக்களில் கேட்கத் தோதான ஒரு வரி.

ஆப்ஜெக்ட் ஓ = 5;

லாங் ல = (லாங்) ஓ;

5 என்பது லாங்குக்குள் தாராளமாகக் கொள்ளும். இன்ட்டிலிருந்து லாங்குக்குப் போவது கேட்காமலேயே நடக்கும் கன்வெர்ஷன். ஆனாலும் இது ஓடும்போது கிளாஸ்காஸ்ட்எக்ஸப்ஷன் எறிந்து நிற்கும். சி ஷார்ப்பிலும் இதே கதைதான். முதல் வரியிலேயே 5 ஓர் இன்டீஜர் ஆப்ஜெக்ட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. இரண்டாவது வரி எண்ணை மாற்றச் சொல்லவில்லை, ‘இந்த ஆப்ஜெக்ட் லாங் வகைதான்’ என்று வாக்குக் கொடுக்கிறது. அது பொய். ஜாவாவில் சரியான வழி இது:

லாங் ல = ((நம்பர்) ஓ).லாங்வேல்யூ();

இன்டீஜர், டபுள், லாங் மூன்றுக்கும் நம்பர்தான் தாய் கிளாஸ் என்பதால் உள்ளே இருக்கும் (நம்பர்) ஓ என்பது காஸ்ட், அதே ஆப்ஜெக்ட். அடுத்து வரும் லாங்வேல்யூ கன்வெர்ஷன், புதிய மதிப்பு. ஓ என்பதற்குள் 38.7 இருந்திருந்தாலும் இந்த வரி எரர் இல்லாமல் ஓடும். ஆனால் 38 என்று வெட்டித்தான் தரும்.